பின்னால் பார்க்கும் பாதம்

கோ-கோ ஆட்டத்தில் ஓடுவது பெரிய காரியமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்புவதுதான் பெரிது. முதுகில் தட்டி 'கோ' என்று குரல் விழுந்த அடுத்த நொடி, குத்தவைத்திருப்பவள் சிட்டாகக் கிளம்ப வேண்டும். தாராவி தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் குடியிருந்த இசக்கிசெல்விக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்து அணி ஜெயித்த ஆட்டங்களில் பாதி அவளால் ஜெயித்தவை என்று கூட ஆடிய பிள்ளைகளே சொல்வார்கள்.

அந்த வருஷம் மழை விட்டிருந்த சமயத்தில் ஒருநாள் 'கோ' விழுந்தும் அவள் எழும்பவில்லை. வலது முட்டிக்குக் கொஞ்சம் மேலே, எலும்புக்குள் யாரோ திருகாணியை வைத்துத் திருகுவது போல இருந்தது. கையை ஊன்றி எழுந்தாள். அணி அன்றைக்குத் தோற்றது.

"என்னட்டி, கால இழுத்து இழுத்து நடக்க?" என்று அம்மா பேராச்சி கேட்டாள்.

"விழுந்துட்டேம்மா. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

முந்தின வாரம் விழுந்தது உண்மைதான். ஆனால் அடிபட்ட வலி ஆடும்போது வலிக்கும், படுத்தால் அடங்கும். இந்த வலி நேர்மாறாக இருந்தது. ஓடியாடித் திரியும்போது மறந்துபோகும், மேல் மாடத்தில் பாயை விரித்துப் படுத்ததும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் வீடு கீழே ஒரு அறை, இரும்பு ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு அறை. அக்காவைக் கட்டிக்கொடுத்து ஊருக்கு அனுப்பிய பிறகு மேல் மாடம் முழுக்க இசக்கிசெல்வியின் ராஜ்யம். வலி வந்த பிறகு அந்த ஏணியில் இறங்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது.

அப்பா கணேசபாண்டியன் தோல் பை செய்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மகளுக்குச் சுளுக்குதான் பிடித்திருக்கிறது என்று நம்பினார். பக்கத்துத் தெருவில் பிரம்மநாயகம் என்று ஒருவர் சுளுக்கு வழிப்பார். அவர் நாலைந்து தடவை எண்ணெய் போட்டு நீவிவிட்டார். வீக்கம் வற்றுவதற்குப் பதிலாக ஏறியது. கடைசித் தடவை அவரே கையை எடுத்துவிட்டார்.

"கணேசா, இது எங்கையில அடங்குத விஷயமில்ல. சூடா இருக்கு, கல்லு மாதிரியும் இருக்கு. இனிமே இதத் தொடக் கூடாது. நாளைக்கே சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு."

அவர் அப்படிச் சொன்னதற்காகக் கணேசபாண்டியன் வாழ்நாள் முழுக்க அவருக்கு நன்றியோடு இருந்தார். அதற்கு முன் நீவியதற்காக ஒரு நாளும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை.

சயானில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொடை எலும்பு முட்டியை நெருங்குகிற இடத்தில் ஓரம் தெளிவாக இல்லை. எழுதிய எழுத்தின்மேல் தண்ணீர் பட்டது போலக் கலைந்திருந்தது. டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். பரேலில் உள்ள கேன்சர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, "இன்னிக்கே போங்க" என்றார்.

பரேலில் ஸ்கேன் எடுத்தார்கள், எலும்பில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சில நாள் கழித்து மூன்று பேரையும் உட்கார வைத்து ஒரு டாக்டரம்மா பேசினார். மராத்திக்காரர், நிதானமான இந்தியில் பேசினார். ஆஸ்டியோசார்கோமா என்று நோயின் பெயரைச் சொன்னார். எலும்பில் வருகிற கேன்சர் என்றார்.

கணேசபாண்டியன் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது.

"மேடம், எம்புள்ள ஒரு கெட்ட பழக்கம் இல்லாத புள்ள. நானே பீடியத் தொட்டதில்ல. அப்புறம் எப்படி?" அவருடைய இந்தி அன்றைக்குப் பாதியில் தமிழாக மாறிக்கொண்டே இருந்தது.

"பெரியவங்களுக்கு வர்ற கேன்சர் வேற. குழந்தைங்களுக்கு வர்றது வேற. இது யாரும் செஞ்சதால வர்றதில்ல, சாப்பிட்டதால வர்றதில்ல, ஒட்டிக்கவும் செய்யாது" என்றார் டாக்டரம்மா. "வெளிய ஹால்ல பார்த்தீங்கல்ல? பாதிப் பசங்களுக்கு ரத்தத்துல கேன்சர். சின்னப் பிள்ளைங்களுக்கு அதுதான் அதிகம். சிலருக்கு மூளையில கட்டி, சிலருக்குக் கழுத்துல நெறி கட்டி வரும். கைக்குழந்தைங்களுக்கு சிறுநீரகத்துல, கண்ணுல கூட வரும். இவ மாதிரி மடமடன்னு வளர்ற வயசுல, எலும்பு வேகமா நீள்ற இடத்துல இது வருது. ஏன் ஒருத்திக்கு வந்து இன்னொருத்திக்கு வரலைன்னு எங்களுக்கே தெரியாது."

"விழுந்ததாலயா?" என்று இசக்கிசெல்வி கேட்டாள். அந்த அறைக்குள் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"இல்ல. விழுந்ததால காலைக் கவனிச்சே. அவ்வளவுதான்."

அந்த ஒரு பதில் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அன்றைக்குக் காலை எட்டிப் போட்டுத் தாவாமல் இருந்திருந்தால் இது வந்திருக்காது என்றுதான் அத்தனை நாளும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நோய் நுரையீரலுக்குப் போயிருக்கவில்லை. முதலில் சில மாதம் மருந்து, பிறகு ஆபரேஷன், பிறகு மறுபடியும் மருந்து என்று முடிவாயிற்று. தெரிந்தவர்கள் சொன்னதைவிட மருந்து கடினமாக இருந்தது. சிவப்பாக ஒரு மருந்து ஏறும். ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். வார்டில் பிள்ளைகள் அதற்கு 'ரூஹ் அஃப்ஸா' என்று சர்பத்தின் பெயரை வைத்திருந்தார்கள். வாய் முழுக்கப் புண் வந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல் தலையணையில் கற்றை கற்றையாக வந்தபோது பேராச்சி அழுதாள். இசக்கிசெல்வி, "சும்மா இரும்மா, காலைல சடை பின்னுத வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு, அம்மா தண்ணீர் பிடிக்கப் போன பிறகு தானும் அழுதாள்.

வீட்டில் எல்லாம் மாறிப்போயிற்று. கிருமி அண்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சந்தில் சாக்கடைக்குப் பக்கத்தில்தான் தண்ணீர்க் குழாய். பேராச்சி மாஹிமில் வேலை பார்த்த இரண்டு வீட்டையும் விட்டுவிட்டு, குடிக்கிற தண்ணீர், வாய் கொப்பளிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் கொதிக்க வைத்தாள். கணேசபாண்டியன் பட்டறையில் இருந்து வந்ததும் வெளியிலேயே சட்டையைக் கழற்றிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். மேல் மாடத்தில் இருந்து இசக்கிசெல்வியின் பாய் கீழே வந்தது.

வார்டில் அடுத்த படுக்கையில் இருந்தவள் கிளாரா. மும்பையிலேயே சீத்தா கேம்ப் என்ற குடியிருப்புப் பிள்ளை. அப்பா அம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம். இவளுக்கு வந்த அதே நோய்தான், ஆனால் தோளில். கண்டுபிடித்தபோதே நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. அது கிளாராவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வார்டில் அதிகமாகச் சிரிப்பவளும் அவள்தான். ரத்தக் கேன்சருக்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் எட்டு வயது யாசர் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால், கிளாராதான் குனிந்து பேரம் பேசி வெளியே கொண்டுவருவாள். சஃப்ரீன் என்று ஒரு கைக்குழந்தை இருந்தது. போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னியதைப் பார்த்து அதன் அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அது கிளாராவின் நல்ல கைப்பக்கம் தவிர வேறெங்கும் தூங்காது.

ஆபரேஷன் நாள் நெருங்கியபோது டாக்டரம்மா மறுபடியும் கூப்பிட்டுப் பேசினார். கட்டி சுருங்கியிருந்தது, ஆனால் எலும்பை முட்டியோடு சேர்த்து எடுத்தாக வேண்டும். எடுத்த இடத்தில் உலோகத்தில் செய்த மூட்டு வைக்கலாம். பார்வைக்குக் கால் கால் மாதிரியே இருக்கும். ஆனால் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. வளர்கிற பிள்ளை என்பதால் திரும்பத் திரும்ப ஆபரேஷன் வரும். அல்லது தொடையோடு காலை எடுத்துவிடலாம்.

"மூணாவதா ஒண்ணு இருக்கு" என்றார் டாக்டரம்மா. ஒரு தாளில் கால் வரைந்தார். "நோய் இருக்கிற நடுப்பகுதியை மட்டும் எடுத்துடுவோம். கீழ்க்கால் நல்லாத்தான இருக்கு? அதை மேல கொண்டுவந்து, முன்பக்கம் பின்பக்கமாத் திருப்பி, தொடை எலும்போட சேர்ப்போம். கணுக்கால் முட்டி இருந்த இடத்துக்கு வரும். திருப்பி வெச்சதால அது முட்டி மாதிரியே மடங்கும், நீளும். அதுக்குக் கீழ பொய்க்கால் மாட்டிக்கலாம். பிள்ளை நடப்பா, ஓடுவா, சைக்கிள் விடுவா."

"அப்போ பாதம்?" என்று பேராச்சி கேட்டாள்.

"பாதம் பின்பக்கம் பார்த்திருக்கும்."

கணேசபாண்டியன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வேண்டாம் மேடம். பொம்பளப் புள்ள. இந்தக் கோலத்துல நான் அவள எங்க கொண்டு நிறுத்துவேன்?"

அவருடைய பயம் சும்மா வந்ததில்லை. ஊர்ப்பக்கத்துப் பேய்க்குக் கால் தரையில் படாது என்பார்கள். மும்பைப் பேய் வேறு ஜாதி. இங்கே பிள்ளைகளைப் பயமுறுத்துகிற சுடேலுக்குப் பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும். அது தாராவியில் பேச்சு வராத குழந்தைக்குக் கூடத் தெரியும். அன்று சாயங்காலம் இசக்கிசெல்வி இதையெல்லாம் கிளாராவிடம் சொன்னாள். கிளாரா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பிள்ள, நினைச்சுப் பாரு. ராத்திரி கரண்டு போனா நீ பொய்க்காலக் கழட்டிப் போட்டுட்டு சந்துல நின்னா போதும். ஒரு பய வெளிய வர மாட்டான்."

"எங்கப்பாக்கு வெக்கமா இருக்குட்டி."

"அப்பாக்குத்தான? உனக்கு?"

இசக்கிசெல்வி போர்வையை விலக்கித் தன் வலது காலைப் பார்த்தாள்.

"எனக்கு இப்படி ஒண்ண எடு, மத்தத வச்சிக்கன்னு கேக்க ஆளில்ல" என்றாள் கிளாரா. சாதாரணமாகத்தான் சொன்னாள். "உங்கிட்டக் கேக்குறாங்க. யோசிச்சுச் சொல்லு."

டாக்டரம்மா கணேசபாண்டியனை வற்புறுத்தவில்லை. இதே ஆபரேஷன் செய்துகொண்ட நுஸ்ரத் என்ற பெண்ணை ஒருநாள் வரச் சொல்லியிருந்தார். மும்ப்ராவில் இருந்து வந்தாள். கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறவள். புர்கா, தோளில் ஒரு பை. வரவேற்பறையைத் தாண்டி நேராக நடந்து வந்து, "சலாம் சாச்சா" என்றாள். எந்தக் கால் என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். கணேசபாண்டியன் கூச்சத்தோடு பார்த்துவிட்டு இடது என்றார். தப்பு.

பேராச்சியையும் இசக்கிசெல்வியையும் மட்டும் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நுஸ்ரத் காலைக் கழற்றிக் காட்டினாள். தொடை முடிகிற இடத்தில் ஒரு பாதம், குதிகால் முன்பக்கம், விரல்கள் பின்பக்கம். இசக்கிசெல்வி முதலில் பார்வையைத் திரைத்துணிப் பக்கம் திருப்பிவிட்டு மறுபடியும் பார்த்தாள். அடுத்து அவள் கண்ணில் பட்டது நகங்கள். ஐந்து விரலிலும் சிவப்பு நெயில் பாலிஷ், புதிதாகப் போட்டது.

"இதை யாரு தீதி பாக்கப் போறாங்க?" என்று கேட்டாள்.

"நான் பார்ப்பேன்ல?" என்றாள் நுஸ்ரத்.

வெளியே வந்து, "வாங்க சாச்சா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கணேசபாண்டியனை அழைத்தாள். லிஃப்ட் பக்கம் போனவரைத் தடுத்துப் படிக்கட்டில் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. அவள் இரண்டு படி முன்னால் நின்று காத்திருந்தாள்.

அன்றைக்கு வீட்டில் சோற்றில் கை வைத்துக்கொண்டு கணேசபாண்டியன் கேட்டார்: "நீ என்னம்மா சொல்லுத?"

"திருப்பி வைக்கட்டும்ப்பா."

"ஆளுங்க பேசுவாங்க."

"இப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. மொட்டத் தலையப் பாத்துட்டு பக்கத்து வீட்டு பாஜூவாலி அவ புள்ளைய உள்ள இழுத்துக்கிட்டா. எம்பேரு இசக்கி, பேய அடக்குத அம்மன் பேரு. எனக்குப் பேய்ன்னா பயமா?"

பேராச்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. கணேசபாண்டியன் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் காலையில் தொடங்கி இருட்டும் வரை நடந்தது. ரத்தக் குழாயையும் நரம்பையும் அறுபடாமல் காப்பாற்றிச் சுருட்டி வைக்க வேண்டியிருந்தது. கண் விழித்த மறுநாள் டாக்டரம்மா, "கட்டைவிரலை ஆட்டு" என்றார். ஆட்டினாள். போர்வைக்கு அடியில், இருக்கவே முடியாத ஓர் இடத்தில் விரல் ஆடியது. பார்க்க வேண்டும் என்றாள். போர்வையை விலக்கினார்கள். வெகுநேரம் பார்த்தாள். அருவருப்பாக இருக்கும் என்று பயந்திருந்தாள். அப்படி இல்லை. பழைய பாதம்தான், சுண்டுவிரலில் சின்ன வயதில் சைக்கிள் ஏறிய தழும்போடு, வேறு வீட்டுக்குக் குடிவந்த மாதிரி இருந்தது.

கணேசபாண்டியன் மட்டும் பார்க்கவில்லை. தினமும் வருவார், தலைமாட்டில் உட்காருவார், ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். கட்டு மாற்ற நர்ஸ் வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். ஒருநாள் பேராச்சி மருந்து வாங்க இறங்கியிருந்தபோது குதிகாலில் அரிப்பெடுத்தது. தையல் இருந்ததால் அவளால் குனிய முடியவில்லை.

"அப்பா, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

"எங்கம்மா?"

"முட்டில."

முட்டி இருக்க வேண்டிய இடத்தில் அவர் கையை வைத்தார். அங்கே மகளின் குதிகால் இருந்தது. கையை எடுக்காமல் பைய சொறிந்துவிட்டார். "இங்கனயா?" என்று கேட்டார். அப்புறம் அவர் வராந்தாவுக்குப் போகவில்லை.

புதுக் காலுக்கு மூளை பழக நாள் ஆனது. முட்டியை நீட்ட வேண்டுமானால் விரல்களைக் கீழே அழுத்த வேண்டும், மடக்க வேண்டுமானால் பாதத்தை மேலே இழுக்க வேண்டும். பாதத்தை உள்ளே செருகுகிற பொய்க்கால் வந்ததும் கணேசபாண்டியன் ராப்பகலாக உட்கார்ந்து அதற்கு ஆட்டுத்தோலில் மெத்தென்று ஓர் உறை தைத்தார். பட்டறையில் அத்தனை பேரும் அதைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டினார்கள். பொய்க்கால் செய்பவர் வாங்கிப் பார்த்துவிட்டு, வேலைப்பாடு அருமை, ஆனால் வியர்வை தங்கிப் புண்ணாகிவிடும், போடக் கூடாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது வெகுநாள் வீட்டில் ரிமோட் வைக்கிற பையாக இருந்தது.

மருந்து இன்னும் பாக்கி இருந்தபோதே கிளாராவின் படுக்கை காலியாயிற்று. முதலில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வலிக்கு மருந்து கொடுத்து, அவள் கேட்டதைச் சமைத்துக் கொடுத்து வைத்திருந்தார்கள். இசக்கிசெல்வி ஊன்றுகோலோடு ஒருமுறை சீத்தா கேம்ப் போய் அவள் கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கப் பேசிவிட்டு வந்தாள். கிளாராவுக்கு மூச்சு வாங்கியது. அதனால் பேசியதெல்லாம் இசக்கிசெல்விதான். ஈஸ்டருக்கு முன்பே கிளாரா போய்விட்டாள். சர்ச்சில் அவள் அம்மா செல்வமேரி இசக்கிசெல்வியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் மக்ளே" என்றாள். அந்தக் கைகளின் சூடு அவளுக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஒரே நோய், ஒரே வார்டு, ஒரே மருந்து. தான் இருக்கிறோம், அவள் இல்லை. இதற்கு என்ன நியாயம் என்று பல வருஷம் யோசித்தாள். கடைசியில் அது விடை தெரியாத கேள்வியாகவே அவளோடு தங்கிவிட்டது. டிசம்பரில் செல்வமேரியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதை மட்டும் அவள் விட்டதில்லை.

பத்தாம் வகுப்பை ஒரு வருஷம் தள்ளி எழுதினாள். பள்ளிக்கூடத்தில் 'சுடேல்' என்று கூப்பிட ஒரு கூட்டம் இருந்தது. அவள் அதற்குத் திரும்பிப் பார்த்து, "போலோ", சொல்லு என்று கேட்க ஆரம்பித்த பிறகு அதில் சுவாரசியம் போய் விட்டுவிட்டார்கள். கோ-கோ ஆடுகிற அளவுக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்து எழும்புவதுதான் முடியவில்லை, ஓடுவது முடிந்தது. அது அவளுக்குப் பெரிய ஏமாற்றம்தான். மைதானத்துப் பக்கமே கொஞ்ச காலம் போகாமல் இருந்தாள். ஆனால் பொய்க்கால் பழகிய முதல் மழைக்காலத்தில், வீட்டில் யாரையும் கேட்காமல் இரும்பு ஏணியில் ஏறித் தன் பாயை மேல் மாடத்தில் கொண்டுபோய் விரித்துவிட்டாள். கீழே நின்றபடி கணேசபாண்டியன் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் மேலே போய்ச் சேர்ந்த பிறகும் சற்று நேரம் அப்படியே நின்றார்.

படிப்பு முடிந்து செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்மேஜையில் வேலை கிடைத்தது. ஹார்பர் லைன் ரயிலில் ஊனமுற்றோர் பெட்டியில் ஏறினால், சல்வாரில் பளிச்சென்று நிற்கிறவளைப் பார்த்து யாராவது சண்டைக்கு வருவார்கள். "தும்கோ க்யா ஹுவா ஹை?", உனக்கு என்ன குறை என்று கேட்பார்கள். அவள் பேசாமல் முழங்காலுக்குக் கீழே கையால் தட்டுவாள். 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கும். கேட்டவர் நகர்ந்து இடம் விடுவார்.

மாப்பிள்ளை பார்க்கிற விஷயத்தில் அவள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். வந்தவர்களுக்கு டீ கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு குடும்பம் டீ குடிக்காமலே எழுந்தது. பேராச்சி மனசு கசந்தாள். மூன்றாவதாக வந்தவன் மகேஷ்குமார், செம்பூரில் எலெக்ட்ரீஷியன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான்.

"கேளுங்க."

"கழட்டி வச்சா யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாங்களே? போன வாரம் கோயில்ல என் செருப்பு போயிருச்சு. அதுலருந்து ஒரே டென்ஷன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவனுடைய அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது, பேரப்பிள்ளைக்கும் வந்துவிட்டால்? அதற்கு மகேஷ்குமார் வாதாடவில்லை. இசக்கிசெல்வி வருஷா வருஷம் நெஞ்சுப் படம் எடுக்கப் போகிற நாளில் அம்மாவையும் பரேலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து டாக்டரம்மாவிடமே கேட்க வைத்தான். இவளுக்கு வந்தது பரம்பரையாகத் தொடர்கிற வகையாகத் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. ஆனால், பிள்ளை உண்டானால் உடனே தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். சின்ன வயதில் ஏறிய அந்தச் சிவப்பு மருந்து சிலருக்கு வெகுகாலம் கழித்து இதயத்தைத் தளர்த்தும். பிரசவம் இதயத்துக்குப் பெரிய வேலை.

கல்யாணம் நடந்து அடுத்த வருஷம் அந்தச் செய்தியை அவள் டாக்டரம்மாவிடம் சொன்னாள். எக்கோ எடுக்கிற அறையில் திரையில் இதயம் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, பதினான்கு வயதில்கூட அவ்வளவு பயந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்போது தனக்காக மட்டும் பயந்தாள். டெக்னீஷியன் முகத்தையே பார்த்தாள். அவர், "அச்சா ஹை. மஸ்த் சல் ரஹா ஹை" என்றார். இதயம் ஜோராக ஓடுகிறதாம்.

கடைசி மாதங்களில் உடம்பு கனத்து, பொய்க்கால் பிடிக்கவில்லை. ஊன்றுகோலோடு நடந்தாள். அவ்வப்போது இதயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிரசவம் சிக்கல் இல்லாமல் நடந்தது. பெண் குழந்தை. கணேசபாண்டியன் பட்டறை முழுவதற்கும் பேடா வாங்கிக் கொடுத்தார். மகேஷ்குமாரின் அம்மா குழந்தையின் கண், கை, கால் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தொட்டுப் பார்த்துவிட்டு, மருமகளின் தலையைத் தடவினாள்.

குழந்தை இப்போது தவழ்கிறது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் இசக்கிசெல்வி பொய்க்காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வியர்த்த பாதத்தைத் துடைத்து, பாயில் குப்புறப் படுப்பாள். குழந்தை அடுப்படிப் பக்கமிருந்து வேகமாக வரும். வந்து, மேலே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைக்கப் பார்க்கும். மற்ற எந்த அம்மாவின் பாதமும் இப்படி இருப்பதில்லை என்று அதற்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

"கடிக்காதட்டி, கூசுது" என்பாள் இசக்கிசெல்வி. காலை இழுத்துக்கொள்ள மாட்டாள்.